தரையிலிருந்து எழுந்த வலிமை: 46ஆம் கார்ட்ஸ் இரவுக் குண்டுவீச்சு ரெஜிமெண்டின் போர்க்காலமும் பின்வாழ்வும்

சோவியத் விமானப்படையின் 46ஆம் தமான் கார்ட்ஸ் இரவுக் குண்டுவீச்சு ரெஜிமெண்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விமானியின் இருக்கையிலிருந்தே தொடங்குகிறார்கள். துணியும் மரமுமான ஒரு சிறு விமானம், எஞ்சின் முடுக்கம் தணிந்து இருளில் சறுக்கி இறங்குகிறது, கீழே விளக்குக் கதிர்கள் தேடுகின்றன, இருபது வயதுப் பெண் ஒருத்தி குண்டை விடுவிக்கிறாள். இந்தச் சித்திரம் உண்மைதான். ஆனால் ஓர் இரவில் ஒரே விமானம் எட்டு, பத்து முறை எப்படிப் புறப்பட்டது என்ற கேள்விக்கு இதில் விடை கிடையாது. இந்த ரெஜிமெண்டின் போர்த்திறன் முதன்மையாகத் தரையில் உருவானது என்பதும், போர் முடிந்தபின் பட்டங்களும் நினைவுகளும் அந்தத் தரையைப் பார்வையிலிருந்து விலக்கிவிட்டன என்பதும் இக்கட்டுரையின் வாதம். அதை மீட்டுத் தரும் சான்றுகளில் பெரும்பங்கு அந்த ரெஜிமெண்டின் பெண்களே பின்னாளில் எழுதியவை. ஆகவே இதன் பின்வாழ்வைப் போர்க்கால வரலாற்றின் பிற்சேர்க்கையாகக் கருதுவது பிழை.

1941 அக்டோபர் 8 அன்று பாதுகாப்பு மக்கள் ஆணையகத்தின் 0099 எண்ணிட்ட ஆணை மூன்று பெண்கள் ரெஜிமெண்டுகளை அமைக்கச் சொன்னது: யாக்-1 சண்டை விமானங்களுடன் 586, சு-2 குண்டுவீச்சு விமானங்களுடன் 587, யு-2 விமானங்களுடன், பின்னாளில் 46ஆம் கார்ட்ஸ் ஆன 588. ஆள் திரட்டும் பொறுப்பு மரீனா ரஸ்கோவாவிடம் வந்தது. 1938இல் கிரிஸோதுபோவா, ஒஸிபென்கோ ஆகியோருடன் மாஸ்கோவிலிருந்து தூரக் கிழக்குவரை இடைநில்லாமல் பறந்து, சோவியத் ஒன்றிய வீரர் பட்டம் பெற்ற முதல் மூன்று பெண்களில் ஒருவர் அவர். வோல்காக் கரையில் சராத்தொவுக்கு எதிரேயுள்ள எங்கெல்ஸ் நகரில் பயிற்சி நடந்தது. 588ஆம் ரெஜிமெண்டின் தலைமையை யெவ்தோகியா பெர்ஷான்ஸ்கயா ஏற்றார். குடிமை விமானத்துறையில் பழகிய விமானி அவர். பேச்சுக் குறைவு, ஒழுங்கில் கண்டிப்பு. 1942 மார்ச்சில் இரவுப் பயிற்சியின்போது வீசிய பனிப்புயலில் இரண்டு விமானங்கள் விழுந்து நால்வர் இறந்தனர். மே மாத இறுதியில் ரெஜிமெண்ட் தெற்குப் போர்முனையை அடைந்தபோது அதனிடம் இருந்தவை இரண்டு ஸ்குவாட்ரன்களாக 20 விமானங்கள்.

யு-2 பயிற்சிக்கென்று நிகலாய் பொலிகார்ப்பொவ் 1920களின் இறுதியில் வடிவமைத்த விமானம். 1944இல் அவர் இறந்ததும் அவர் பெயரால் போ-2 எனப்பட்டது. சுமார் நூறு குதிரைத்திறன் கொண்ட எம்-11 எஞ்சின். குண்டுச்சுமையோடு மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் போனாலே அதிகம். பகலில் எதிரியின் கண்ணில் பட்டால் அதற்குக் கதியில்லை. இதையே இரவுப் போருக்குத் திருப்பும் எண்ணம் இந்தப் பெண்களோடு பிறந்ததல்ல. 1941இன் பெருநாசத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை இழந்த செம்படை, கையில் எஞ்சியிருந்த யு-2களைக் கொண்டு பல இரவு ரெஜிமெண்டுகளை அமைத்தது. பெரும்பாலானவற்றில் பறந்தவர்கள் ஆண்கள். 588இன் தனித்தன்மையை விமானத்திலோ உத்தியிலோ தேடிப் பயனில்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் உண்மையான தனித்தன்மை எது என்று கேட்க முடியும்.

அது வேலைப் பகிர்வில் இருந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் அதற்கென்றே ஒரு மெக்கானிக், ஆயுதப் பணியாளர் என்பது விதிமுறை. தன் விமானம் திரும்பும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். திரும்பியதும் எரிபொருள், சோதனை, குண்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பல விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்கினால் ஓரிடத்தில் நெரிசல், இன்னோரிடத்தில் வெறுங்கை. போரின் நடுவே ரெஜிமெண்ட் இந்த விதியை மீறியது. ஒரு குழு இறங்கும் விமானத்தை எதிர்கொண்டு நிறுத்தும், இன்னொரு குழு எரிபொருள் நிரப்பும், மூன்றாவது குழு குண்டு மாட்டும், வேறொரு குழு வழியனுப்பும். எந்த விமானம் வந்தாலும் அது எல்லாருடையதும். புறப்படத் தயாராக ஐந்து நிமிடம் போதும் என்ற நிலை வந்தது. தலைமைப் பணி அதிகாரி இரீனா ரகோபோல்ஸ்கயா இதைப் பிற்காலத்தில் விரிவாக விளக்கியிருக்கிறார். பரிசோதனைக்கு வந்தவர்கள் கடிந்துகொண்டாலும் நடைமுறை நிலைத்தது. நீண்ட குளிர்கால இரவுகளில் ஒரு குழுவினர் பத்துத் தடவைக்கும் மேல் பறந்தது இதனால்தான். ஒரு விமானம் இலக்கைவிட்டு விலகியதும் சில நிமிட இடைவெளியில் அடுத்தது அங்கே இருக்க வேண்டும் என்பது திட்டம். எதிரியின் தூக்கத்தைக் கெடுத்தது தனித்தனி விமானியின் துணிவு என்பதைவிட, இந்த இடைவெளி குலையாமல் காத்த தரைப்பணி என்பதே பொருந்தும்.

மூன்றாண்டுகளில் 23,672 தாக்குதல் பறப்புகள், ஏறத்தாழ 3,000 டன் குண்டு என்று ரெஜிமெண்டின் கணக்கு சொல்கிறது. பருவநிலை கெட்ட இரவுகளையும் சேர்த்து வகுத்தால்கூட ஓர் இரவுக்கு இருபதுக்கும் மேல். அந்த 3,000 டன்னும் பெண்களின் கைகளால் தூக்கி மாட்டப்பட்டவை. நூறு கிலோ குண்டை இருவர் மூவராகச் சேர்ந்து, சேற்றில் மண்டியிட்டு, தாழ்ந்த இறக்கைக்கு அடியில் பொருத்த வேண்டும். உறை போட்ட விரலால் வெடிதூண்டியைத் திருக முடியாது என்பதால் உறைபனியிலும் வெறுங்கை. விமானியின் துணிவை நாம் போற்றுவது சரி. இந்த உழைப்பை எந்தச் சொல்லால் போற்றுவது என்று போர்வரலாறு இன்னும் பழகவில்லை என்பதே என் ஆதங்கம்.

இன்னொரு அம்சமும் உண்டு. இழப்புகளை ஈடுசெய்ய ரெஜிமெண்ட் தன் ஆட்களைத் தானே பயிற்றுவித்தது. நேவிகேட்டர்கள் விமானிகளானார்கள், மெக்கானிக்குகளும் ஆயுதப் பணியாளர்களும் நேவிகேட்டர்களானார்கள். இதற்கென்றே தனி ஸ்குவாட்ரன் ஒன்று உள்ளுக்குள் இயங்கியது. மாஸ்கோப் பல்கலைக்கழக மாணவிகள் கணிசமாக இருந்ததால் கற்பிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வானியல் மாணவி யெவ்கேனியா ருத்னெவா நேவிகேட்டர்களுக்கு வகுப்பெடுத்தார். கையெழுத்து இதழ் ஒன்றும் நடந்தது. இறுதிவரை முழுக்கப் பெண்களே கொண்ட அமைப்பாக இது நீடிக்க முடிந்தது இந்த உள்வளர்ச்சியால்தான். உடன்பிறப்பான 587 வேறு வழியில் போனது. மூவர் பறக்கும் பெ-2 விமானத்துக்கு அது மாறியது. ரஸ்கோவா 1943 ஜனவரி 4 அன்று மோசமான வானிலையில் விழுந்து இறந்தபின் வலென்தீன் மார்க்கொவ் தலைமை ஏற்றார். ஆண்களும் அதில் பணியாற்றினர்.

1943 பிப்ரவரியில் 588க்கு, போரில் சிறந்த பிரிவுகளுக்குரிய கார்ட்ஸ் மதிப்பும் 46 என்ற புதிய எண்ணும் கிடைத்தன. அவ்வாண்டுக் கோடையில் குபான் பகுதியில் ஜெர்மானியரின் நீலக்கோடு என்ற அரண்வரிசையில் நடந்த போர் இக்கட்டுரையின் வாதத்துக்கு எதிர்ச்சான்றுபோலத் தோன்றலாம். ஜூலை 31க்கும் ஆகஸ்ட் 1க்கும் இடைப்பட்ட இரவில் விளக்குகள் எரிந்தன, விமான எதிர்ப்பு பீரங்கிகள் மௌனமாயிருந்தன. ஜெர்மானியர் இரவுச் சண்டை விமானத்தை இறக்கியிருந்தனர். அதில் பறந்தவர் யோசெஃப் கோசியோக். நான்கு விமானங்கள் அடுத்தடுத்து எரிந்தன, எட்டுப் பெண்கள் இறந்தனர். சீரான இடைவெளியே அன்று எதிரிக்கு வசதியானது. ஆயினும் அந்த இரவும் என் வாதத்தையே வேறு விதத்தில் உறுதிசெய்கிறது: தலைமை நிலைமையை உணர்ந்து பறப்புகளை நிறுத்தியது, ரெஜிமெண்ட் குலையாமல் தொடர்ந்து போரிட்டது. பாராசூட் அப்போது இல்லை. அந்த எடைக்கும் சேர்த்துக் குண்டு ஏற்றினார்கள். 1944 கோடைக்குப் பின்னரே அது வழக்கத்துக்கு வந்தது. 1943 இலையுதிர்காலத்தில் தமான் தீபகற்பம் மீட்கப்பட்டதும் அதன் பெயர் ரெஜிமெண்டின் பெயரோடு சேர்ந்தது. பிறகு கெர்ச் கடற்கரையில் எல்திகென் இறங்குமுகத்தில் சிக்கிய வீரர்களுக்கு உணவும் வெடிமருந்தும் தாழப் பறந்து போட்டார்கள். ருத்னெவா 1944 ஏப்ரலில் கெர்ச் அருகே இறந்தார். கிரீமியாவிலிருந்து பெலாரூஸ், போலந்து வழியாக ஜெர்மனிக்குப் போன பாதை பலரும் எழுதியது.

1945 அக்டோபர் 15 அன்று ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. வெற்றி கிடைத்து ஐந்தே மாதம். அவ்வாண்டு ஜூலையில் படைவிலகும் பெண்களைச் சந்தித்த மிகைல் கலீனின், தங்கள் சேவையைப் பற்றி அதிகம் பேசவேண்டாம் என்ற பொருள்பட அறிவுரை சொல்லியிருந்தார். அரசின் மனநிலைக்கு அது சான்று. சிலர் சிறிது காலம் படையில் பறந்தனர். பெரும்பாலோர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பினர்.

இங்கேதான் பட்டங்களின் கணக்கு முக்கியமாகிறது. இந்த ரெஜிமெண்டில் 23 பேர் சோவியத் ஒன்றிய வீரர் ஆனார்கள். பொலீனா கெல்மன், ரயீஸா அரோனொவா உட்படப் பலருக்கு அது வந்தது 1946 மே மாதம், ரெஜிமெண்டே இல்லாத காலத்தில். 23 பேரும் விமானிகளோ நேவிகேட்டர்களோதான். மெக்கானிக் ஒருவரும் இல்லை, ஆயுதப் பணியாளர் ஒருவரும் இல்லை. ரெஜிமெண்டை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை நடத்திய பெர்ஷான்ஸ்கயாவுக்கும் அந்தப் பட்டம் கிடையாது, ரகோபோல்ஸ்கயாவுக்கும் கிடையாது. பெர்ஷான்ஸ்கயா பெற்றது தளபதிகளுக்குரிய சுவோரொவ் விருது. பறப்பு எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்ட முறையில் எண்ணப்படாத வேலை மறைந்துபோவது இயல்பு. 1,008 முறை பறந்த இரீனா செப்ரொவாவின் தகுதியில் எவருக்கும் ஐயமில்லை. அந்த 1,008 முறையும் அவருடைய விமானத்தைத் தயார்செய்தவர்களை எண்ண அளவுகோலே இல்லை என்பதுதான் குறை.

ஆனால் கலைக்கப்பட்ட ரெஜிமெண்ட் கலையவில்லை. பிரியும்முன் செய்த உடன்பாட்டின்படி மே 2 தோறும் மாஸ்கோவில் பொல்ஷோய் அரங்கின் முன்னுள்ள பூங்காவில் கூடினார்கள். பல பத்தாண்டுகள் இது தொடர்ந்தது. எழுதவும் எழுதினார்கள். அரோனொவா, நதால்யா கிராவ்சொவா, வரலாற்றில் ஆய்வுப்பட்டம் பெற்ற மரீனா செச்னெவா ஆகியோரின் நூல்கள் சோவியத் காலத்தில் வந்தன. ருத்னெவாவின் நாட்குறிப்பு அச்சேறியது; குபானில் அந்த ஆகஸ்ட் இரவில் இறந்த கலீனா தொகுதொவிச்சின் நாட்குறிப்பும் அச்சேறியது. யெவ்கேனியா ஜிகுலென்கோ திரைப்பட இயக்கம் படித்து 1981இல் தங்கள் கதையைப் படமாக்கினார். அண்டக்கதிர் ஆய்வில் பேராசிரியராக விளங்கிய ரகோபோல்ஸ்கயா, கிராவ்சொவாவுடன் சேர்ந்து எழுதிய நூல் 2002இல் வந்தது. தன் வரலாற்றைத் தானே இத்தனை காலம் எழுதித் திருத்திய போர்ப்பிரிவுகள் அரிது.

திருத்திய என்பதை அழுத்திச் சொல்கிறேன். சோவியத் காலப் பதிப்புகளில் அச்சேறாத சிலவற்றை 1991க்குப் பின் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒளிக்குண்டின் சிறு பாராசூட்டைப் பிரித்து அதன் துணியில் உள்ளாடை தைத்த இரண்டு ஆயுதப் பணிப்பெண்களுக்கு ராணுவ நீதிமன்றம் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. ரெஜிமெண்டிலேயே இருந்து குற்றத்தைக் கழிக்க அனுமதி கிடைத்தது. 1942 பின்வாங்கலில் பழுதான விமானத்தோடு பின்தங்கிய மூத்த பொறியாளர் சோஃபியா ஒஸெர்கொவா, மெக்கானிக் கிளாஃபீரா கஷீரினாவுடன் எதிரி ஆண்ட பகுதியை வாரக்கணக்கில் நடந்து கடந்து வந்தார். கட்சி அட்டையைக் கைவிட்ட குற்றத்துக்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேலிடத் தலையீட்டால் அது நீங்கி ரெஜிமெண்டுக்குத் திரும்பினார். கஷீரினா நேவிகேட்டராகி அதே ஆகஸ்ட் இரவில் இறந்தார். கவனிக்க வேண்டியது, இந்த இரு நிகழ்வுகளிலும் வருவோர் தரைப்பணியாளர்கள். சோவியத் தணிக்கை மறைத்ததும் பட்டமுறை எண்ணாததும் பெரும்பாலும் ஒரே ஆட்களின் வாழ்க்கை. இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

இந்த நினைவுநூல்களை அப்படியே ஏற்கவும் கூடாது. பறப்புக் கணக்கை வைத்திருந்தவரே பின்னாளில் வரலாற்றையும் எழுதியிருக்கிறார். தோழமையின் பாசம் உள்பூசல்களை மெழுகியிருக்க வாய்ப்புண்டு. இவர்களின் விமானத்தை வீழ்த்தும் ஜெர்மானியருக்கு இரும்புச் சிலுவை உறுதி என்ற கதையை, ஜெர்மன் ஆவணம் எதையும் சுட்டாமலே நூலுக்கு நூல் திரும்ப எழுதுகிறார்கள். குண்டுகள் விளைத்த சேதத்தைப் பற்றிய கூற்றுகளும் எதிர்த்தரப்பு ஆவணங்களோடு ஒப்பிடப்பட வேண்டியவை. ஆனால் வேலைமுறை பற்றி அவர்கள் சொல்வதை நம்புவதற்கு வலுவான காரணம் இருக்கிறது: விதிமீறலை ஒப்புக்கொள்வதால் சோவியத் வாசகரிடம் பெருமை சேராது.

பொதோல்ஸ்க் நகரிலுள்ள ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சக மைய ஆவணக்காப்பகத்தில் இருக்கும் போர்க்கால விருதுப் பரிந்துரைத் தாள்கள் பெருமளவு இணையத்தில் திறந்துவிடப்பட்டுள்ளன. வீரர் பட்டம் பெற்றோரின் தாள்களை எல்லாரும் படித்தாகிவிட்டது. சிறிய பதக்கங்களுக்காக எழுதப்பட்ட மெக்கானிக்குகளின், ஆயுதப் பணியாளர்களின் தாள்களை ஆய்வாளர்கள் இனி எடுக்க வேண்டும். 46ஆம் ரெஜிமெண்டின் அடுத்த வரலாறு அங்கிருந்து எழுதப்பட வேண்டும்.