லூ சுன்னின் அங்கதமும் கண்டி மலைநாடும்

எள்ளி நகையாடுதல் எளிது, அங்கதம் அரிது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்தினார். வெளிப்படையாக வைவது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது. இவ்விரண்டினையும் கையாண்டு சீன உரைநடைக்குப் புதுவழி வகுத்தவர் லூ சுன். அவருடைய சிறுகதைகளைத் தமிழிற் பெயர்த்தோருள் குறிப்பிடத்தக்கவர், கண்டியை அடுத்த தலாத்து ஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ் ஆவர்.

லூ சுன் 1881இல் ஷாவோசிங் நகரிற் பிறந்தார். இயற்பெயர் சோ ஷுரென். புனைபெயரிலுள்ள 'லூ' என்பது தாயின் குடிப்பெயர். பாட்டனார் 1893இல் தேர்வு ஊழல் வழக்கிற் சிக்கிச் சிறைப்படவே, குடும்பம் நொடித்தது. தந்தையார் நோயுற்றார். அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்குமாக நடந்து சிறுவனின் நாள்கள் கழிந்தன. மருத்துவர் கேட்ட அனுபானங்களோ விந்தையானவை: மூன்றாண்டு உறைபனியில் நின்ற கரும்பு, இணைபிரியாத சில்வண்டுச் சோடி. 1896இல் தந்தையார் மறைந்தார். இத்தகைய மருத்துவத்தினின்றும் தம்மவரைக் காக்க எண்ணிய இளைஞர், 1902இல் ஜப்பான் சென்று, 1904இல் செண்டாய் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

1906இல் வகுப்பறைத் திரையில் ஒரு படம் காட்டப்பட்டது. உருசியருக்கு ஒற்றனென்று பிடிபட்ட சீனன் ஒருவன் தலை வெட்டுண்ண நிற்கின்றான். சுற்றிலும் உடல் வலிமை மிக்க சீனர்கள் வேடிக்கை பார்க்கின்றனர். அக்கூட்டத்தின் முகங்களே அவரை உலுக்கின. உடல்நோயினும் உளநோய் கொடிதெனத் தெளிந்து மருத்துவத்தைத் துறந்தார்.

1918இல் வெளிவந்த 'பித்தனின் நாட்குறிப்பு', அறநெறி பேசும் வரலாற்றேடுகளின் வரிகளுக்கிடையே மனிதரை மனிதர் தின்னும் செய்தியைக் கண்ட ஒருவனின் கதை. அப்பித்தன் இறுதியில் தன்னையே ஐயுறுகின்றான். இறந்த தங்கையின் ஊனைத் தானும் அறியாது உண்டிருக்கக் கூடுமே என்று நடுங்குகின்றான். பிறரை வைது தான்மட்டும் தூயவனாய் நிற்கும் வசைகவியின் நிலை இதுவன்று. லூ சுன்னின் பெருமை இவ்விடத்தேதான் உள்ளது. 1927இற்குப் பின் ஷாங்காயில் வாழ்ந்து, தணிக்கைக்கு அஞ்சிப் பற்பல புனைபெயர்களில் அவர் எழுதிய கட்டுரைகள் பழிகரப்பு அங்கதத்தின் சுரங்கம். அவை தனி ஆய்வுக்குரியன. 1936இல் அங்கேயே காலமானார்.

கதைகளுள் தலையாயது 1921–22இல் தொடராக வந்த 'ஆ கியூவின் உண்மைக் கதை'. நாயகனுக்குக் குடிப்பெயர் தெரியாது. பிறந்த ஊர் தெரியாது. பெயரை எழுதச் சீன எழுத்தும் அகப்படாமல் அயல்மொழி எழுத்தொன்றை ஆசிரியர் கடன்வாங்குகின்றார். ஊர்க்கோயிலில் உறங்கிக் கூலிவேலை செய்பவன் அவன். அடிபட்டால், மகன் தகப்பனை அடித்துவிட்டான் என்று மனத்துள் சொல்லிக்கொண்டு வெற்றி கொண்டாடுவான். செய்யாத கொள்ளைக்காகக் கொல்லப்படுமுன், கையெழுத்துக்குப் பதிலாக வட்டமொன்று வரையச் சொல்கின்றனர். வட்டம் கோணிவிட்டதே என்பதுதான் அவன் வருத்தம்!

படிப்போர் இங்கே சிரிப்பர். ஆயினும் மலைநாட்டுத் தமிழன் சிரித்துக் கடத்தல் அரிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இத்தீவிற் பிறந்தவனிடமும் தந்தை இங்குப் பிறந்தமைக்கோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தமைக்கோ சான்று கேட்டது. பதிவேடு காணாத லயங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றோராயினர். ஊரும் பேரும் எழுதப்படாத ஆ கியூ அவர்களுக்கு அயலானல்லன்; கோணிய அவ்வட்டத்துக்கும் கைநாட்டுக்கும் தொலைவு மிகுதியன்று.

கணேஷ் 1920இற் பிறந்தவர். 1946இல் கே. இராமநாதனுடன் 'பாரதி' என்னும் திங்களிதழை நடத்தினார். முல்க்ராஜ் ஆனந்தின் தோட்டி நாவலை 1947இல் 'தீண்டாதான்' என வெளியிட்டார். லூ சுன் கதைகள் 1981இல் 'போர்க்குரல்' என்னும் பெயரில் வந்தன. அது அவ்வாசிரியரின் நூற்றாண்டு. தாழ்ந்தோரைப் பாடுவதோடு நில்லாமல், தாழ்ந்தோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் வகையையும் காட்டும் நூலைத் தேர்ந்தமை துணிவான செயலே. நாடற்றோர் சிக்கலுக்குப் பெரும்பாலும் முடிவு கண்ட சட்டம் 2003இல் நிறைவேறியது. மறு ஆண்டு கணேஷ் மறைந்தார்.