வண்டலூர் வரை வந்த ஃபெராரி முகம்

ஃபெராரி அடுத்து எந்தக் காரைக் கொண்டுவரும், லம்போர்கினி எப்போது முழு மின்காருக்கு மாறும், மெக்லாரன் நான்கு பேர் உட்காரும் வண்டியைச் செய்யுமா என்று ஊகிப்பது உலகம் முழுக்கப் பலருக்குப் பிடித்த வேலை. கணினியில் படம் வரைந்து இதுதான் வரப்போகிறது என்று காட்டுபவர்களும் நிறைய. அந்தப் படங்களில் பெரும்பாலானவை பொய்த்துப் போகின்றன. வரைபவர்களுக்குத் திறமை இல்லை என்பதல்ல காரணம். அவர்கள் காரின் தோற்றத்திலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். கார் கம்பெனிகளின் பழைய கதையைப் புரட்டினால், அடுத்த மாடலைத் தீர்மானிப்பவை வேறு என்று தெரிகிறது. பட்டறையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், பாடித் தகடு அடிக்கக் கையிலிருக்கும் அச்சு, நாட்டின் வரியும் உரிமமும், வாங்குபவர் ஓட்டப்போகும் சாலை ஆகிய நான்கும் சேர்ந்துதான் எது வரும் என்பதை முடிவு செய்கின்றன. இதற்குச் சான்று தேடி இத்தாலிக்குப் போக வேண்டாம். சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் கார் செய்த ஒரு கம்பெனியின் வரலாறே போதும்.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் சென்னையில் தொடங்கியது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கூட்டில் வான்கார்ட், எட்டு, பத்து, பென்னன்ட் என்று கார்களை வரிசையாக விட்டது. படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று 1950-களின் தொடக்கத்தில் அரசு முடிவெடுத்தபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார் என்றால் வங்காளத்தில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட் என்றாயிற்று. 1961-இல் வண்டலூரிலிருந்து வந்தது ஹெரால்டு. அதை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அவர் ஃபெராரிக்கும் மசராட்டிக்கும் வரைந்து கொடுத்த கை. ஆனால் ஹெரால்டின் அமைப்பை மிக்கெலோட்டியின் பென்சில் மட்டும் தீர்மானிக்கவில்லை. கவென்ட்ரி ஸ்டாண்டர்டுக்குப் பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. அதனால் பழைய முறைப்படி தனிச் சட்டம் ஒன்றைச் செய்து, வெவ்வேறு இடங்களில் அடித்த தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். ஹெரால்டின் பானட்டைத் திறந்தால் மட்கார்டு, முகவிளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்னால் சாயும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கைவைக்கலாம். பார்ப்பவர்கள் இதை ஒரு புதுமையான அழகாக எண்ணினார்கள். அழகுதான். ஆனால் அச்சு கைவிட்டுப் போனதால் வந்த அழகு.

அந்தத் தனிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 1961-இல் ஒருவர் கவென்ட்ரியின் அடுத்த பத்தாண்டு மாடல்களை ஊகித்திருந்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்லியிருப்பார். சட்டத்தைக் குறுக்கினால் இரண்டு பேர் உட்காரும் ஸ்பிட்ஃபயர், 1962-இல் வந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்தால் விட்டெஸ், அதே ஆண்டில். இரண்டையும் சேர்த்தால் ஜி.டி.6, 1966-இல். ஆனால் அதே சட்டமும் அதே மிக்கெலோட்டி பாடியும் கையிலிருந்த வண்டலூர் இவற்றில் எதையும் தொடவில்லை. கவென்ட்ரி ஒருபோதும் செய்யாத நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. பிறகு 1972-இல் அதையே மாற்றி கேஸல் என்று விட்டது. மூலப்பொருள் ஒன்றாக இருக்க, வரிசைகள் இவ்வளவு விலகியதற்கு வாங்குபவரும் சாலையும்தான் காரணம். சென்னையிலிருந்து சுமார் 600 கி.மீ. தள்ளி, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் சாலையில் உள்ள புளியங்குடியை எடுத்துக்கொள்வோம். எலுமிச்சை மூட்டைகள் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு ஏறும் ஊர் அது. சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் என்று சுற்றிலும் இருந்த எல்லாச் சந்தைகளுக்கும் அன்று கார் என்பது ஒரு குடும்பமும் அதன் சாமான்களும் சேர்ந்து போகிற வண்டி. இரண்டு இருக்கை ஸ்பிட்ஃபயரை அங்கே யார் வாங்குவார்கள்? ஹெரால்டின் பின்பக்க ஆக்ஸில் இரண்டு துண்டாக மடங்கி அசையும். ஆளும் சுமையும் கூடினால் பின்சக்கரங்கள் சாய்ந்து நிற்கும். கேஸலில் அதை எடுத்துவிட்டு, லாரிக்கு இருப்பதுபோல் ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸிலை வைத்தார்கள். கார் விமர்சகர்கள் இதைப் பின்னோக்கிப் போன மாற்றம் என்பார்கள். வண்டியில் ஏறியவர்களைக் கணக்கில் எடுத்தால் அந்த முடிவு சரியானதே.

கேஸல் 1970-களின் பிற்பாதியில் நின்றது. அதன் பிறகு கம்பெனிக்கு மிஞ்சியவை வேனும் சிறு சரக்கு வண்டியும்தான். 1985-இல் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்த ஒரு கார் அங்கிருந்து வெளிவந்தது, பெயர் ஸ்டாண்டர்ட் 2000. அதன் பாடி பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, 1977-க்கான ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருதைப் பெற்றது. அதை வடிவமைத்த டேவிட் பேஷ், ஃபெராரி டேடோனாவைப் பார்த்து அதன் முகத்தை வரைந்தவர். தாழ்ந்து கூர்ந்த மூக்கு, ஓரத்தில் ஒடுங்கிய விளக்குகள், பக்கவாட்டில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் ஒரு பள்ளக்கோடு, பின்பக்கம் மேலெழும் பெரிய ஐந்தாவது கதவு என்று எல்லாம் வண்டலூருக்கு அப்படியே வந்தன. தமிழ்நாட்டில் தொழிற்சாலையில் செய்து விற்ற கார்களில் சூப்பர்காரின் சாயல் இவ்வளவு நெருங்கி விழுந்தது அதில்தான் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் அந்த பாடிக்குள் இருந்தது 3,528 சி.சி., எட்டு சிலிண்டர், சுமார் 155 குதிரைத்திறன். வண்டலூரில் வைத்தது 1,991 சி.சி., நான்கு சிலிண்டர், சுமார் 83 குதிரைத்திறன், நான்கு கியர். ஸ்பிரிங்கையும் உயர்த்தி, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி கூட்டினார்கள். தாழ்ந்து ஓடுவதற்கென்று வரைந்த உருவம் நெட்டைக்கால் போட்டு நின்றது.

அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அது 1940-களின் வான்கார்ட் எஞ்சின் வம்சம். அந்த வம்சம் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது, டிரையம்ஃப் டி.ஆர்.2 விளையாட்டுக் காரில் ஓடியது. 1962-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், மார்கன் காரில் இரண்டு லிட்டர் பிரிவை வென்றது. மட்டமான எஞ்சின் என்று அதை யாரும் சொல்ல முடியாது, ஆனால் வயதாகிவிட்டிருந்தது. ரோவரே 1982 முதல் அந்த பாடிக்குள் 1,994 சி.சி. கொண்ட ஒரு புது நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்து விற்றுக்கொண்டிருந்தது. அதை வண்டலூர் எடுக்கவில்லை. இறக்குமதிக்கு உரிமமும் அந்நியச் செலாவணியும் வேண்டியிருந்த காலம். தன்னிடம் இருந்த இரண்டு லிட்டரோ வேன்களுக்காகப் பல ஆண்டுகளாக உள்நாட்டிலேயே செய்து கைபழகியது. 1984-இல் சென்னையில் ஒருவர் ஸ்டாண்டர்டின் அடுத்த காரை ஊகித்திருந்தால், பாடி ரோவராக இருக்கும் என்று கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் எஞ்சின் இதுதான் என்று வேன் தயாரிக்கும் கூடத்தைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். ஸ்டாண்டர்ட் 2000 வெற்றி பெறவில்லை, 1988-இல் நின்றது. எஞ்சிய உதிரிபாகங்களைப் பிரிட்டனில் உள்ள ஒரு வணிக நிறுவனம் வாங்கிக்கொண்டு போயிற்று. தொழிற்சாலை நிலத்தில் இன்று மென்பொருள் வளாகம்.

இது ஒரு கம்பெனியின் தனிக்கதை அல்ல. ஹிந்துஸ்தான் 1984-இல் விட்ட கன்டெஸ்ஸா, வாக்ஸால் பாடியும் அம்பாஸடர் எஞ்சினும். பிரீமியர் 1985-இல் விட்ட 118 என்.இ., ஃபியட் பாடியும் நிஸான் எஞ்சினும். இவற்றுக்கு எதிராக மாருதியைக் காட்டலாம். 1983 டிசம்பரில் வந்த மாருதி எந்தப் பழைய பட்டறையிலும் பிறக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பட்டறை வேறு நாட்டில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்: 796 சி.சி. மாருதி, சுஸுகி ஜப்பானில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வண்டி. குர்கானில் அடுத்த ஆண்டே வந்த வேனிலும் அதே மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். அந்த எஞ்சினை அறிந்தவருக்கு வேன் வந்தது வியப்பாக இருந்திருக்காது. கன்டெஸ்ஸா 1980-களின் பிற்பாதியில் இசுஸு எஞ்சின் பெற்று 2002 வரை நின்றதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்டாண்டர்டுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பாடி அழகு குறைந்த கார் பதினெட்டு ஆண்டு ஓடியது. ஃபெராரி முகம் மூன்று ஆண்டில் முடிந்தது.

உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்து இந்தியக் கம்பெனியையும் சூப்பர்கார் கம்பெனிகளையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பார்கள். பணமும் சுதந்திரமும் உள்ளவர்கள் நினைத்ததைச் செய்யலாம் என்பது இந்தக் கேள்வியின் அடியில் இருக்கும் நம்பிக்கை. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. டிராக்டர் தொழிலில் பணம் பார்த்த ஃபெருச்சியோ லம்போர்கினிக்காக ஜியோட்டோ பிட்ஸரினி 1963-இல் வரைந்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினே 350 ஜி.டி.யிலும், மியூராவிலும், கவுன்டாஷிலும், டியாப்லோவிலும், கடைசியாக முர்சியலாகோவிலும் வளர்ந்து வளர்ந்து 2010 வரை ஓடியது. நாற்பத்தேழு ஆண்டுகளில் உருவம் ஐந்தாறு முறை மாறிய கம்பெனியில் இதயம் மாறவில்லை. 1986-இல் எல்.எம்.002 என்ற பெரிய கரடுமுரடுச் சாலை வண்டிக்குள்ளும் அந்த எஞ்சின்தான் போயிற்று. வரிச் சட்டம் என்று பார்த்தாலும் இத்தாலி விலக்கல்ல. இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு அங்கே கடும் வரி இருந்தது. அதனால் ஃபெராரி தன் மூன்று லிட்டர் எட்டு சிலிண்டரைச் சுருக்கி 208 என்ற காரை உள்நாட்டுக்காக விற்றது. அதன் கொள்ளளவு 1,991 சி.சி. வண்டலூரில் ரோவர் பாடிக்குள் இருந்த எஞ்சினின் கொள்ளளவும் அதுவே. தற்செயல்தான். என்றாலும் இரண்டு இடங்களிலும் அந்த எண்ணை எழுதியது காரை வரைந்தவரின் ஆசை அல்ல. 2018-இல் விற்பனைக்கு வந்த லம்போர்கினி உருஸும் அப்படியே. ஃபோக்ஸ்வாகன் குழுமத்திடம் ஆடிக்கும் போர்ஷேக்கும் பொதுவாக இருந்த அடிச்சட்டம் அதன் கீழே இருக்கிறது. அந்த அடிச்சட்டம் இருப்பதையும், போர்ஷே கயேன் 2002 முதல் விற்றதையும் பார்த்தவர்கள் உருஸை முன்கூட்டியே சொன்னார்கள். லம்போர்கினி என்றால் தாழ்ந்த வண்டிதான் என்று அழகியலை வைத்து வாதாடியவர்கள் தோற்றார்கள்.

மின்கார் வந்தபின் இந்தக் கணக்கு செல்லாது, எஞ்சினே இல்லாத இடத்தில் பழைய எஞ்சின் எதைத் தீர்மானிக்கும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நடந்தவரை பார்த்தால், எஞ்சின் இருந்த இடத்தில் மின்கலத் தொகுதி வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. மஹிந்திராவுக்குச் சொந்தமான ஆட்டோமொபிலி பினின்ஃபரினா 2019-இல் காட்டிய பட்டிஸ்டா, 1,900 குதிரைத்திறன் கொண்ட மின்கார், 150 வண்டிகள் மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் மின்கலமும் மோட்டார்களும் குரோஷியாவின் ரிமாட்ஸிடமிருந்து வந்தவை. அதே தொழில்நுட்பம் ரிமாட்ஸின் நெவெராவிலும் இருக்கிறது. பாடி ஓரிடத்தில், உயிர் வேறிடத்தில் என்ற ஸ்டாண்டர்ட் 2000-இன் ஏற்பாடேதான், தரம் மட்டும் பல மடங்கு உயர்ந்திருக்கிறது. லம்போர்கினி 2023-இல் லான்சடார் என்ற மின்கார் மாதிரியைக் காட்டி 2028-இல் வரும் என்றது. பிறகு அதை 2029-க்குத் தள்ளியது. படத்தைப் பார்த்து நம்பியவர்களுக்கு அது ஏமாற்றம். அந்தக் கம்பெனி அதே காலத்தில் எதில் முதல் போட்டது என்று பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை. 2024-இல் வந்த டெமெராரியோவுக்காக அவர்கள் நான்கு லிட்டர் எட்டு சிலிண்டர் இரட்டை டர்போ எஞ்சின் ஒன்றைப் புதிதாகவே செய்திருக்கிறார்கள். அத்தனை செலவில் ஒரு புது எஞ்சினைச் செய்தவர்கள் அதை ஐந்தாண்டில் ஒதுக்கிவைக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஹுராகான் ஒரே பத்து சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு திறந்த கூரை, இரண்டு சக்கர இழுவை, கரடுமுரடுச் சாலைக்கான ஸ்டெராட்டோ என்று பத்தாண்டு கிளை விட்டது. டெமெராரியோவும் அதே வரிசையில் திறந்த கூரையோடு தொடங்கி, எடை குறைந்த பந்தய வடிவம்வரை 2030-களின் தொடக்கம் தாண்டியும் போகும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். ஐரோப்பாவின் புகைச்சட்டம் திடீரென்று கடுமையானால் மட்டுமே இந்தக் கணிப்பு தவறும்.