ஆய்க்குடிக்கு வழி

ஆய்க்குடிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் முருகன் கோயிலுக்கு வழி கேட்பார்கள். நான் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தையும் சேர்த்தே சொல்லி அனுப்புவேன்.

1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன இவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன், அங்கே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். 1981, ஐ.நா. அறிவித்த ஊனமுற்றோர் ஆண்டு. அந்த ஆண்டில் ஓலைக்கொட்டகையில் 5 குழந்தைகளோடு பள்ளி தொடங்கினார். சங்கத்துக்கு வைத்த பெயர், தன்னைக் கவனித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலுடையது. பணம் கொடுத்தவர் பெயரைத்தானே நம்மூரில் கல்லில் வெட்டுவார்கள்!

1992-இல் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் சங்கத்தில் சேர்ந்தார்; தசைச்சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில்தான். நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் சுமந்து, சிகிச்சைக்காகத் தாய்மார் பஸ் ஏறி அலைந்த காலம் அது. பின்னாளில் சங்கத்தில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே வீடு தேடிப் போனார்கள். பிள்ளைக்கான பயிற்சிகளைத் தாய்க்கும் கற்றுக்கொடுத்தார்கள்.