அமிர்தசரஸில் எழுந்த கூடாரங்கள்

1947-ல் பஞ்சாப் இரண்டானபோது நிலமும் நதியும் பங்கிடப்பட்டதை அறிவோம். மனநோயாளரும் பங்கிடப்பட்டனர். லாகூர் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950-ல் எல்லை தாண்டி அனுப்பப்பட்டனர். அவர்களில் பலருக்கு இடமளித்தது அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனை.

அதன் தலைவராக விளங்கிய டாக்டர் வித்யா சாகர், அந்தப் பத்தாண்டில் ஒரு புதுமை செய்தார். நோயாளியை வாயிலில் விட்டுச் செல்ல வந்த உறவினரை, வளாகத்திலேயே கூடாரமடித்து அவருடன் தங்கச் செய்தார். இடநெருக்கடி கற்பித்த உபாயம் என்பாருமுண்டு. நான் அதற்கு மேலும் காண்கிறேன். வீட்டில் மூண்ட பூசலின் இரு தரப்பும் இப்போது ஒரே கூடாரத்தில்! 'வேண்டுமென்றே செய்கிறான்' என்று வெகுண்டிருந்தவர், அடுத்த கூடாரத்திலும் அதே துன்பத்தைக் கண்டார். மருத்துவரோ எல்லோரையும் ஒருங்கே அமர்த்தி, நோயின் இயல்பை விளக்கினார். சினமும் அச்சமும் தணிந்தன. குணமடைந்தவரை ஏற்க வீடும் காத்திருந்தது.

1957-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறையைக் கைக்கொண்டது. பின்னர் அங்கே தோன்றிய நம்பிக்கை நிலையத்தில், மனவளர்ச்சியில் வேறுபட்ட குழந்தைகளோடு தாய்மாரும் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர்.