பெயர் பெற்ற கோழியும் பெயரற்ற கோழியும்

மருதனார்மடச் சந்தையைச் சுற்றியுள்ள செம்மண் வளவுகளில் ஊர்க்கோழி கிளறித் திரிவது பழகிய காட்சி. அப்படியொரு வளவுக்கு இறைச்சிக்கென்று ஒரு வெள்ளைப் புறொயிலர் கோழி வருகிறது. "இதை வெட்டவேண்டாம், நான் வளர்க்கப்போறன்" என்று வீட்டுப்பிள்ளை அழுதால் என்ன செய்வது? அந்தக் கோழி நெடுநாள் வாழுமா? விடை காண வரலாற்றில் சற்றுப் பின்னே போகவேண்டும், நேயர்களே.

கோழியைத் தமிழர் கறியாக மட்டும் கண்டவர்கள் அல்லர். முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்த வந்த கோழியைப் பெண்கள் காதணியை எறிந்து விரட்டும் காட்சி பட்டினப்பாலையில் உண்டு. குறுந்தொகையின் 157ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி, கோழி கூவக் கேட்டுப் பிரிவை எண்ணி நடுங்குகிறாள். சோழரின் உறையூருக்கே கோழி என்றொரு பெயர் இருந்தது. இவை எல்லாவற்றிலும் வியப்பானவை, தமிழ்நாட்டில் அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் கிடைத்த நடுகற்கள். ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன், போரிட்டு மடிந்த சேவல்களுக்காக நட்டவை அவை. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி என்று கல்லே சொல்கிறது. வீரனுக்குரிய மரியாதை ஒரு சேவலுக்கும் கிடைத்தது.

இந்தியப் போர்ச்சேவல்களில் பேர்போன அசீல் இனம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதிக்குப் போயிற்று. அங்கு அதன் கலப்பில் உருவான கோர்னிஷ் இனத்துக்கு 'இந்தியன் கேம்' என்றும் பெயர். போருக்கென வாய்த்த அகன்ற நெஞ்சு இறைச்சி வியாபாரிகளின் கண்ணில் பட்டது. 1948இல் அமெரிக்காவில் நடந்த 'நாளைய கோழி' இறுதிப் போட்டியில் கோர்னிஷ் கலப்பினமே முதலிடம் பெற்றது. இன்றைய புறொயிலர் அந்த வழியில் வந்தது. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரே தீனைத் தின்ற 1957ஆம் ஆண்டு இனம் 56 நாளில் 905 கிராம் நிறுத்தது; 2005ஆம் ஆண்டு இனமோ 4202 கிராம்.

ஆறு வாரத்தில் வெட்டுவதற்கென்று உருவான உடல் அது. தசை வளரும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கால் மடங்கும், வயிற்றில் நீர் கோக்கும், வெக்கை நாளில் மூச்சு முட்டும். ஆனால் இந்தக் குஞ்சுகளை ஈனும் தாய்க்கோழிகள் ஓராண்டுக்கு மேலும் வாழ்கின்றனவே, எப்படி? அவற்றுக்குத் தீன் அளந்து போடப்படுகிறது. நெடுவாழ்வின் இரகசியம் அதுதான்.

ஆகவே பிள்ளைக்குச் சொல்லவேண்டிய முதற்பாடம், ஆசைக்குத் தீன் போடாதே என்பது. கொழுக்க வைக்கும் தீனை நிறுத்தி, கொழுக்க வைக்காத தீனைக் காலையும் மாலையும் அளவோடு கொடுக்கலாம். அதையும் வளவில் தூவிவிட்டால் நடந்து பொறுக்கும். அளவுத் தீன் தின்னும் கோழிக்குப் பசி ஓயாது. அதற்குக் கீரையும், சந்தையில் கழிக்கும் கோவா இலையும் உதவும். உயரத்திலிருந்து குதித்தால் கால் கெடும். நிலத்தோடு ஒட்டிய கூடும் காய்ந்த உமிப் படுக்கையும் போதும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் எந்நேரமும் வேண்டும். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, பாதத்தில் புண் உண்டா என்றும் கவனிக்கவேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஊர்க்கோழியின் ஆயுள் அதற்கு வாய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆறு வாரம் என்று விதிக்கப்பட்ட உயிர் சில ஆண்டுகள் வெயில் காயலாம், மண்ணில் புரளலாம். பிள்ளை அதற்கு ஒரு பெயரும் வைக்கும். பொற்கொற்றியின் காலத்துக்குப் பிறகு, கடல் கடந்து போய்ப் பெயரற்றுத் திரும்பிய இனத்துக்கு மீண்டும் ஒரு பெயர். அதற்காகவாவது அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்கலாம் அல்லவா?