தபாலில் வந்த பேச்சுப் பயிற்சி

காது கேளாத குழந்தைகளுக்கான கேட்டல் பயிற்சியை வீடியோ காலில் கொடுத்தால் போதுமா, நேரில்தான் போகணுமா? 2020 ஊரடங்கில் முளைத்த கேள்வி மாதிரி தோணும். ஆனா இதுக்கு எண்பது வயசு தாண்டியாச்சு.

ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் ட்ரேசிக்கும் மேடை நடிகை லூயிஸுக்கும் 1924இல் பிறந்த மகன் ஜான். பத்து மாசக் குழந்தையா இருந்தப்போ ஒரு நாள், அவன் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் கதவு படார்னு சாத்திக்கொண்டது. குழந்தை அசையவே இல்லை. அப்போதுதான் லூயிஸுக்கு விஷயம் புரிந்தது. அவனுக்குப் பள்ளி வயசு வரட்டும்னு அவர் காத்திருக்கவில்லை. தானே தேடிப் படித்து, வீட்டிலேயே பேச்சும் உதட்டசைவைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்.

1942இல் லாஸ் ஏஞ்சல்ஸில், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு சின்ன வீட்டில் ஜான் ட்ரேசி கிளினிக்கைத் தொடங்கினார். அங்கே முதல் மாணவர்கள் பெற்றோர்தான். அவ்வளவு தூரம் வர முடியாத பெற்றோருக்காக 1943இல் தபால் வழிப் பயிற்சி வந்தது, அதுவும் இலவசமாக. ஒரு பாடம் வீட்டுக்கு வரும். குழந்தையோடு செய்து பார்த்துவிட்டு, என்ன நடந்ததுன்னு அம்மா எழுதி அனுப்பணும். அதைப் படித்துவிட்டு, அந்தக் குழந்தைக்கேற்ற பதில் கடிதம் எழுதுவாங்க. கூடவே அடுத்த பாடமும் வரும்.

யோசிச்சுப் பாருங்க: பேச்சைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு, ஆனா தபாலில் ஒரு சத்தம்கூடப் பயணிக்கவில்லை. குழந்தைக்கு வேண்டிய குரல் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அந்தக் குரலை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் கடிதம் சொன்னது.

இன்றைய வீடியோ வகுப்புக்கும் இது பொருந்தும். பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ்' ஒலியின் பெரும்பங்கு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. வீடியோ கால் அதைவிட எவ்வளவோ மேல்தான். ஆனா இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் 'ஸ்', 'ஷ்' இரண்டையும் இரைச்சல்னு நினைத்துச் சிதைத்துவிடலாம். கருவி சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை (ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்) உண்டு. லேப்டாப் ஸ்பீக்கர் வழியா ஆசிரியர் அதைச் செய்தால், குழந்தையோடு சேர்த்து ஸ்பீக்கரையும் சோதிப்பதாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, உதடு தெரியாமல் சொல்லணும். ஆசிரியர் அம்மாவை வழிநடத்தணும்.

ஆஸ்திரேலியாவில் தொலைவிலுள்ள குடும்பங்களுக்கு 2000களின் தொடக்கத்திலிருந்தே வீடியோ வழிப் பயிற்சி நடக்கிறது. நேரில் பயின்றவர்களோடு ஒப்பிட்டு அங்கே 2014இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், மொழி வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வு என்பதால் அதை வைத்து முழுத் தீர்ப்பு எழுத முடியாது.

நேரில் போயே ஆகவேண்டிய வேலைகளும் உண்டு. இயர் மோல்டுக்கு அளவெடுக்கணும், காதுக்குள் நீர் கோத்திருக்கான்னு பார்க்கணும். இன்னொன்றையும் சொல்லணும்: பேச்சு மட்டுமே வழி என்ற அந்தக் காலத்துப் பிடிவாதத்தில் சைகை மொழி பல குழந்தைகளுக்குக் கிடைக்காமல் போனது. லூயிஸின் கிளினிக்கும் பேச்சு வழியைச் சேர்ந்ததுதான்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் பயிற்சி. அந்த ஒரு மணி நேரமும் அம்மா வெளியே பெஞ்சில் காத்திருந்தால், மீதி 167 மணி நேரத்தில் என்ன செய்யணும்னு அவங்களுக்கு யார் சொல்வது? பயிற்சி மையம் தேடும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: "வகுப்பு நடக்கும்போது நான் எங்கே உட்காரணும்?"