தோல் பிரதேசத்தில் மானாவாரிக் கொல்லை: ஊடுபயிரும் தொழு உரமும்

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரையில் பாலாற்றைத் தழுவிக் கிடக்கும் தோல் பதனிடும் பிரதேசத்து விவசாயத்தின் கதியைப் பற்றிப் பேசுவோர், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பையும், அதில் குறிப்பிடப்பட்டபடி பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற்போன ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலத்தையும் ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். அது நியாயமே. ஆயினும் சேதம் வந்த வழியைக் கவனித்தல் வேண்டும். பதனிடும் கழிவிலிருந்த உப்பு கிணற்று ஊற்றில் இறங்கி, அந்நீர் பாய்ந்த தோட்டக்கால்களில் வருஷந்தோறும் படிந்தது; பாய்ச்சல் வசதியில்லாததென்று இளப்பமாகக் கருதப்பட்ட மேட்டுக் கொல்லைக்கோ, மழையை மட்டுமே நம்பி நின்றமையால், அந்த வழியில் உப்பு ஏறவில்லை. ஆகவே இப்பிரதேசத்தில் மானாவாரி நிலத்தை இரண்டாந்தரச் சொத்தாக எண்ணுவது பிசகு என்பது என் அபிப்பிராயம்.

அந்நிலத்துக்கு ஏற்ற முறையும் புதியதன்று. ஆடிப் பட்டத்தில் கேழ்வரகோ சோளமோ விதைத்து, சில சால்களுக்கு ஒரு சால் துவரையோ மொச்சையோ விடுவார்கள். தானியம் ஐப்பசி, கார்த்திகையில் களத்துக்கு வந்துவிட, அதுவரையில் நிழலில் ஒடுங்கியிருந்த துவரை, வடகிழக்கு மழையின் ஈரத்தை ஆழத்திலிருந்து உறிஞ்சித் தைமாதத்தில் காய்க்கும். இரண்டுக்கும் பசி வேறு வேறு காலத்தில் எடுப்பதே இம்முறையின் சூட்சுமம். பயறு வகைகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கின்றன என்று ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1888இல் நிறுவியது முதல், அருகிலிருக்கும் தானியத்துக்கு அது உடனே ஊட்டம் தருவதாகப் பலர் எழுதிவிட்டனர். உண்மையில் அப்பருவத்தில் தானியத்துக்குக் கிட்டுவது சொற்பம், உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மக்கிய பின்னரே பிரயோஜனம் மிகுதி.

எருவும் பயறும் ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே போகும் கணக்கும் அன்று. ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சிபாரிசு. நன்றாக மக்கிய எரு, செம்மண்ணில் ஈரத்தை நிறுத்தி, வேர்முடிச்சுக்கு இன்றியமையாத பாஸ்பரசையும் அளிக்கும். மண்ணில் நைட்ரேட் மிஞ்சினாலோ செடி முடிச்சு வைக்கச் சோம்பும். குப்பை அடிப்பதில் அளவு வேண்டுமென்பது இதனாலேதான்.

இங்கே விசேஷமான அபாயம் ஒன்றுண்டு. தோலிலிருந்து சுரண்டிய சதையும் மயிரும், சுத்திகரிப்பு நிலையத்துச் சேறும் பிராணிப் பொருளாகையால் எருவே என்று வாதிப்போர் இருக்கக்கூடும். ஆவாரம்பட்டையால் பதனிட்ட காலத்தில் அவ்வாதத்துக்கு ஓரளவு இடமிருந்திருக்கலாம். குரோமியமும் சோடியமும் கலந்த சேற்றைக் கொல்லையில் கொட்டுவது, கிணறு செய்யாத கேட்டைக் கையால் செய்வதாகும். அதிலும், உப்பைச் சோளம் ஓரளவு பொறுக்கும். பயறு வகைகளில் பல அவ்வளவு பொறுப்பதில்லை. ஆகையால் சோளம் செழித்து நிற்கக் கண்டு நிலம் நலமென்று நம்பியிருக்கையிலேயே ஊடுபயிர் சால்சாலாக மஞ்சளித்துப் போகும்.

எஞ்சிய இடையூறு ஆள் பஞ்சம். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் பெருவாரியாகச் செல்லும் ஊர்களில், களையெடுப்புக்குக் கூலியாள் அகப்படுவது அரிது. அறுவடை இரண்டு தவணையாக வருவது ஒரு குடும்பத்தின் கைகளுக்குச் சௌகரியமே. களையோ தவணை பார்ப்பதில்லை. விதைகளைக் கலந்து தெளிக்கும் பழைய வழக்கத்தை விட்டு, மாடு பூட்டிய களைக்கருவி புகுந்து வர இடைவெளி விட்டுச் சால் பிடித்து விதைத்தால்தான், அங்கே இம்முறை நிலைக்கும்.